பச்சை தீட்டிய இடத்தில் எங்கள் வீடு இருந்தது

கட்டடக்கலை இரண்டாம் ஆண்டில் எங்களுக்குக் கொடுத்த ஸ்டூடியோ வேலை, கூவம் கரையில் ஒரு பூங்கா. ஊரடங்குக் காலம். கல்லூரி மூடிக் கிடந்தது. நேரில் போய் இடத்தைப் பார்க்க முடியாது என்பதால் கூகுள் எர்த்திலேயே பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். ஆளுக்கு ஒரு துண்டுக் கரை. யாருக்கு எது வேண்டும் என்று கேட்டபோது சிந்தாதிரிப்பேட்டை ஓரமாக இருந்த துண்டை நான்தான் கேட்டு வாங்கினேன். ஏன் என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

கூகுள் எர்த்தில் ஒரு வசதி உண்டு. கடிகாரம் போன்ற ஒரு படத்தை அழுத்தினால் பழைய ஆண்டுகளின் படங்கள் வரும். பள்ளியில் அரசு கொடுத்த லேப்டாப்பில் அது திறக்கவே பத்து நிமிடம் ஆகும். 2015க்கு இழுத்தேன். நெருக்கமாகத் தகரக் கூரைகள், நடுநடுவே நீலத் தார்ப்பாய், ஒரு வேப்பமரம். வேப்பமரத்திலிருந்து ஆற்றுப்பக்கமாக எண்ணினால் மூன்றாவது கூரை எங்களுடையது. 2018க்கு இழுத்தேன். வெறும் மண். வேப்பமரம் மட்டும் நின்றது.

எங்களுக்குக் கொடுத்த குறிப்பில் அந்த நிலத்தை 'ஆக்கிரமிப்புகள் அகற்றப்பட்ட கரை' என்று எழுதியிருந்தார்கள். நான் வரைந்தேன். நடைபாதை, வெட்டிவேர் நட்டுத் தண்ணீரை வடிகட்டும் பாத்திகள், மூங்கில், உட்காரத் திண்டுகள், கடைசியில் ஓர் ஆம்ஃபி தியேட்டர். கட்டடக்கலை படிக்கும் பிள்ளைகள் எதை வரைந்தாலும் ஓர் ஆம்ஃபி தியேட்டர் வந்து உட்கார்ந்துகொள்ளும், அது ஏன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. பிறகு பச்சை பென்சிலை எடுத்து, வேப்பமரத்திலிருந்து மூன்றாவது இடத்தையும் சேர்த்துத் தீட்டினேன். அந்த ஷீட்டுக்கு நூற்றுக்கு எண்பத்திரண்டு மதிப்பெண். சுற்றுச்சூழல் பற்றி எனக்கு நல்ல புரிதல் இருப்பதாக சார் சொன்னார். வீடியோவை ஆன் செய்து பேசும்படியும் சொன்னார். நெட் சரியில்லை சார் என்றேன்.

நெட் நன்றாகத்தான் இருந்தது. என் பின்னால் ஆயா படுத்திருந்தாள். அவளுக்குப் பின்னால் அம்மா குழம்பு தாளித்துக்கொண்டிருந்தாள். நானூறு சதுர அடிக்கும் குறைவான வீட்டில் கேமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் முழு வீடும் தெரியும்.

அந்த வீடு பெரும்பாக்கத்தில், எட்டு மாடிக் கட்டடம் ஒன்றின் ஆறாவது மாடியில் இருந்தது. 2017 கடைசியில் எங்களை அங்கே கொண்டுபோய் விட்டார்கள். நான் பதினொன்றாம் வகுப்பு. பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத் தேர்வு என்று முதல்முறையாகக் கொண்டுவந்த வருடம் அது. பாதி வருடத்தில் பள்ளி மாற முடியாதென்று பழைய பள்ளிக்கே பஸ்ஸில் போய்வந்தேன், ஏறக்குறைய 25 கிலோமீட்டர். காலையில் ஐந்தேகாலுக்கு இறங்கினால்தான் உட்கார இடம் கிடைக்கும். இயற்பியல் பாடம் முழுவதையும் நான் பஸ்ஸில்தான் படித்தேன்.

அம்மா அப்போது எழும்பூர் பக்கம் மூன்று வீடுகளில் வேலை செய்துகொண்டிருந்தாள். இரண்டு வீட்டில், ஏழு மணிக்கு வர முடியாவிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மிச்சமிருந்த ஒன்றுக்காகப் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். பிறகு அதே பக்கத்தில் இன்னும் இரண்டு வீடு பிடித்தாள், நேரம் தாழ்த்தி வரச் சொன்ன வீடுகள், சம்பளம் கம்மி. 2021இல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆனபோது எங்கள் மாடியில் அன்றைக்கு யாரோ கேசரி செய்து கொடுத்தார்கள். அதைக் கிண்டல் செய்து வந்த செய்திகளை நான் படித்திருக்கிறேன். கேசரி சாப்பிட்டவர்கள் யாரும் அதைப் படித்திருக்க மாட்டார்கள்.

கல்லூரியில் என் முகவரியை மேடவாக்கம் என்று சொல்லிவந்தேன். பொய் என்று சொல்ல முடியாது, பஸ் அந்த வழியாகத்தான் போகிறது. கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று சொன்னால் எதிரே இருப்பவரின் முகத்தில் ஏதோ ஒன்று நகர்ந்து மூடிக்கொள்வதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். எங்கள் பக்கத்து வீட்டுப் பையனுக்கு டெலிவரி வேலை கிடைக்காமல் போனதே முகவரியால்தான். அங்கே இருப்பவர்களில் பெரும்பான்மையோர் தலித்துகள், அதனால் முகவரியைச் சொன்னால் சாதியையும் சேர்த்துச் சொன்னதாகிவிடும். எனக்குக் கிடைத்த எஸ்சி உதவித்தொகைப் படிவத்தை வகுப்பில் எல்லார் முன்னாலும் கூப்பிட்டுக் கொடுத்தபோதே பாதி பேருக்குத் தெரிந்துவிட்டது. மீதியையாவது காப்பாற்றிக்கொள்ள நினைத்தேன்.

மூன்றாம் ஆண்டில் ஒரு கிராமத்து நூலகமும் ஓர் ஆரம்ப சுகாதார நிலையமும் வரைந்தேன். அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

நான்காம் ஆண்டு வீட்டுவசதி ஸ்டூடியோ. தலைப்பு, 'சமூகமும் சூழலும்'. ஆய்வுக்கான இடம் பெரும்பாக்கம் என்று அறிவித்தபோது எனக்குக் காது அடைத்துக்கொண்டது. நாற்பது பேர் கல்லூரி பஸ்ஸில் என் வீட்டுக்குக் கிளம்பினோம். காலையில் வீட்டிலிருந்து புறப்பட்டுக் கல்லூரிக்குப் போய், அங்கிருந்து அதே வழியில் திரும்பி வந்தேன். சோழிங்கநல்லூர் தாண்டியதும் பேச்சு குறைந்து எல்லாரும் ஜன்னலைப் பார்த்தார்கள். ஒரே மாதிரி கட்டடங்கள், வரிசை வரிசையாக. இருபதாயிரம் வீடுகளுக்கும் மேல். "டிஸ்டோபியா மாதிரி இருக்கு" என்றாள் ஒருத்தி. நானும் தலையாட்டினேன்.

கையில் கேள்வித்தாள் கொடுத்திருந்தார்கள். குடும்பத் தலைவர் பெயர், தலைவரின் தொழில், மாத வருமானம், வீட்டில் எத்தனை பேர், சமுதாயக் கூடத்தை வாரத்துக்கு எத்தனை முறை பயன்படுத்துகிறீர்கள். எங்கள் குழுவுக்கு வேறு பிளாக் விழுந்ததில் நான் மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டேன். ஆனால் அந்தப் பிளாக்கில் இருந்த ஓர் அக்கா, சாயங்காலம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் மீன் வறுத்து விற்பவர், என்னைப் பார்த்துவிட்டார்.

"ஏ பாப்பா, நீ அங்கம்மா ஆயா பேத்திதானே? இன்னாத்துக்கு கழுத்துல கார்டு மாட்டிக்கினு எங்களயே கேள்வி கேக்குற? உங்க வூட்லயே கேட்டுக்கினு போ."

அங்கம்மா என்பது ஆயாவின் உண்மைப் பெயர் இல்லை, இங்கே மாற்றியிருக்கிறேன். மற்றதெல்லாம் அவர் சொன்னபடிதான். கூட இருந்த மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். ஒருவன் ரொம்ப நேரம் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். இன்னொருத்தி, பாவம் நல்ல பெண், "முன்னாடியே சொல்லியிருந்தா நேரா உங்க வீட்டுக்கே போய் வேலைய முடிச்சிருக்கலாமே!" என்றாள். மேடத்துக்குச் செய்தி போனதும் அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இது உனக்குப் பெரிய அட்வான்டேஜ், நல்லா யூஸ் பண்ணிக்கோ" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அன்றிரவு ஆறு மாடி ஏறும்போது (லிஃப்ட் அந்த வாரமும் ஓடவில்லை) அந்த வார்த்தையை மாடிக்கு ஒரு தரம் சொல்லிப் பார்த்தேன்.

அந்தச் செமஸ்டரில்தான் நான் முதன்முதலாக என் வீட்டை அளந்தேன். ஐந்து வருடம் இருந்த வீடு, டேப் பிடித்துப் பார்த்ததே இல்லை. ஆயாதான் தொடங்கி வைத்தாள். "இத்த கட்டுனவனுக்கு ஜன்னல கொஞ்சம் கீழ வெக்கத் தெரில பாரு." என்ன ஆயா என்றேன். "உக்காந்தா வானம்தான் தெர்து. எத்தினி நேரம் வானத்தயே பாக்குறது?"

ஜன்னலின் அடிக்கட்டை தரையிலிருந்து மூன்றடி. எல்லாப் பாடப்புத்தகத்திலும் அதுதான் அளவு, நானும் எல்லாப் படத்திலும் அதையே போட்டிருக்கிறேன். தரையில் உட்கார்ந்திருக்கும் ஆயாவின் கண் மட்டம் இரண்டேகால் அடி. அவள் நாற்காலியில் உட்கார மாட்டாள், முட்டி மடங்கி வளர்ந்தவள். லிஃப்ட் ஓடாத மாதங்களில் அவள் கீழே இறங்குவதே இல்லை. அவளுக்கு இருக்கிற வெளியுலகம் அந்த ஜன்னல்தான், அதில் ஒன்பது அங்குலம் குறைந்துவிட்டது.

யார் உடம்பை வைத்து இந்த மூன்றடி வந்தது என்று தேடினேன். கட்டடக்கலை மாணவர்கள் மேஜையில் வைத்திருக்கும் நோய்ஃபெர்ட்டின் அளவுப் புத்தகம் 1936இல் ஜெர்மனியில் வந்தது. கார்புசியர் தன் மாடுலர் அளவுமுறைக்கு எடுத்துக்கொண்ட ஆள் ஆறடி உயர ஆங்கிலேய ஆண். எங்கள் ஆயா நாலடி எட்டு அங்குலம். இதைச் சொன்னால் வகுப்பில் சிரிப்பார்கள், சிரித்தார்கள்.

பிறகு எங்கள் மாடியில் இருக்கும் பெண்களின் ஒரு நாளை, மணிக்கணக்குப் போட்டு எழுத ஆரம்பித்தேன். கேள்வித்தாளில் இல்லாத கேள்விகளைக் கேட்டேன். தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது, யார் பிடிக்கிறார்கள், பிடிக்கும்போது குழந்தை எங்கே இருக்கிறது. இரவுப் பணி முடிந்து வரும் பெண்கள் பஸ் ஸ்டாப்பிலிருந்து எந்த வழியாக நடக்கிறார்கள், எந்த வழியைத் தவிர்க்கிறார்கள். துணி எங்கே காய்கிறது. மாதவிடாய்த் துணியை எங்கே காயப்போடுகிறார்கள். கேட்கக் கேட்க ஒன்று தெரிந்தது, சமுதாயக் கூடத்தை யாரும் எதற்கும் பயன்படுத்தவில்லை. அதன் சாவி ஓர் ஆணிடம் இருந்தது. பெண்கள் எல்லாரும் கூடியது படிக்கட்டுத் திருப்பத்தில். காற்று வரும், வெளிச்சம் உண்டு, மேலே போகிறவர் கீழே வருகிறவர் எல்லாரையும் பார்க்கலாம், சுவரில் சாய்ந்துகொண்டு பூண்டு உரிக்கலாம், கீழே விளையாடும் பிள்ளைகளை ஒரு கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். நாலடி அகலம். யாராவது ஏறினால் எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும்.

என் வகுப்பில் முப்பத்தொன்பது பேரும் அந்த இடத்துக்குப் பெரிய பெரிய கூடங்களும் செங்குத்துத் தோட்டங்களும் வரைந்தார்கள். ஆம்ஃபி தியேட்டர் இருபத்துநான்கு, எண்ணினேன். நான் படிக்கட்டுத் திருப்பத்தை நாலடியிலிருந்து ஒன்பதடியாக்கி, சுவரோரம் ஒரு திண்ணை போட்டேன். ஜன்னல்களைக் கீழே இறக்கிக் கம்பி போட்டேன். தரைத்தளத்தில் குழந்தைகள் காப்பகம், அதற்கு எதிரே தண்ணீர் பிடிக்கும் இடம், இரண்டும் ஒன்றையொன்று பார்க்கும்படி. மீன் வறுக்கும் அக்காவுக்கும் இட்லிக் கடை போடுகிறவர்களுக்கும் சாக்கடையோடு இணைத்த ஒரு சிமென்ட் மேடை, பக்கத்திலேயே பூட்டு உள்ளே இருக்கும் ஒரு கழிப்பறை. கூரையில் விழும் மழைத் தண்ணீரை மோட்டார் இல்லாமலே நடுமாடித் தொட்டிகளுக்கு இறக்கும் குழாய்கள். புதுமைப் பெண் திட்டத்தில் வந்த ஆயிரம் ரூபாய் இரண்டு மாதம் பிரிண்ட்டுக்கே போயிற்று.

இதையெல்லாம் நானாகக் கண்டுபிடித்தேன் என்று நினைத்திருந்தேன். நூலகத்தில்தான் தெரிந்தது, எனக்கு முன்னால் சிலர் இருந்திருக்கிறார்கள். நான்கு வருடமாக எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த பெயர்கள் கார்புசியர், லூயி கான், சார்ல்ஸ் கொரியா, தோஷி, லாரி பேக்கர். எல்லாரும் பெரியவர்கள்தான், தோஷியின் இந்தூர் அரண்யா குடியிருப்பை எனக்கு இன்றும் பிடிக்கும். கழிப்பறையும் அடிமேடையும் அமைத்துக் கொடுத்துவிட்டு, மீதியை மக்கள் தங்கள் வசதிக்கேற்பக் கட்டிக்கொள்ளட்டும் என்று விட்டார். ஆனால் பக்கத்துத் தீவில் கண்டியில் பிறந்த மினெட் டி சில்வாவை யாரும் சொல்லவில்லை. 1948இல் பிரிட்டிஷ் கட்டடக்கலைஞர் கழகத்தின் அசோசியேட் ஆனவர், அந்த நிலைக்கு வந்த முதல் ஆசியப் பெண். ஐம்பதுகளில் கண்டிக்குப் பக்கத்தில் வட்டபுளுவவில் அரசு ஊழியர்களுக்காக ஒரு குடியிருப்பு வடிவமைக்கும்போது, குடிவரப் போகிறவர்களிடம் முதலில் போய்க் கேள்வி கேட்டிருக்கிறார். எப்படிச் சமைப்பீர்கள், எத்தனை பேர், என்ன வேண்டும் என்று. அதைப் பொறுத்து வீட்டின் வகைகளை மாற்றியிருக்கிறார். 1998இல் அவர் இறந்தபோது பெரிதாகக் கவனிக்க ஆளில்லை.

பாகிஸ்தானின் முதல் பெண் கட்டடக்கலைஞர் யாஸ்மீன் லாரி, எழுபதுகளில் லாகூரில் அங்கூரி பாக் குடியிருப்பை வடிவமைத்தவர். எங்கள் கோழிகள் எங்கே போகும் என்று அங்கே வரப்போகும் பெண்கள் அவரைக் கேட்டிருக்கிறார்கள். அதனால் வீடுகளுக்குத் திறந்த மாடி முற்றங்கள் வந்தன. பின்னால், வெள்ளத்தில் அடுப்பு நனையாதபடி மண்மேடை மேல் ஏற்றிக் கட்டும் அடுப்பை சிந்துப் பெண்களோடு சேர்ந்து பரப்பினார். நான் நூலகத்தில் அவரைப் படித்த அடுத்த ஆண்டு, 2023இல், அவருக்கு பிரிட்டனின் ராயல் கோல்ட் மெடல் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு எங்கள் கல்லூரியிலும் அவர் பெயர் ஒரு ஸ்லைடில் வந்தது. கோழிகளைப் பற்றி அந்த ஸ்லைடில் ஒன்றும் இல்லை.

ஜூரி நாள். இரண்டு ஆண்கள், ஒரு பெண். முதல் ஆண் என் ஷீட்டைப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி, டிசைன் எங்கே?" என்றார். இரண்டாமவர் பசுமை அம்சம் என்ன என்று கேட்டார். மழைத் தண்ணீர்க் குழாய்களைக் காட்டினேன். "அது பிளம்பிங்" என்றார்.

அந்தப் பெண் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. என் மணிக்கணக்குப் படத்தை மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். பிறகு கேட்டார்: "இது எல்லாமே ஒட்டுப்போடுற வேலை. நல்ல ஒட்டுதான். ஆனா இவங்கள இங்க கொண்டுவந்து வச்சது சரின்னு ஒத்துக்கிட்டுதானே நீ வரைஞ்சிருக்க?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஏசியில் உட்கார்ந்துகொண்டு கேட்க எளிது என்று தோன்றியது. இருக்கிற லிஃப்ட்டை ஓடவைத்தால் போதும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறவர்களிடம் போய், நீங்கள் இங்கே இருப்பதே தப்பு என்றால் அவர்கள் என்ன செய்வார்கள்? எத்தனையோ நாள் அவரோடு மனசுக்குள் சண்டை போட்டேன். சண்டையில் ஒரு நாள் என் பக்கம் பேச ஒன்றும் இல்லாமல் போனது. கூவம் கரையைப் பச்சையாகத் தீட்டியபோது ஏன் வாய் திறக்கவில்லை? அப்போதும் ஒத்துக்கொண்டேன். இப்போதும் ஒத்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் ஆண்டு தீசிஸுக்குச் சிந்தாதிரிப்பேட்டைக்குத் திரும்பினேன். முதலில் நினைத்தது எளிதானது. ஆற்றங்கரையில் அதே இடத்தில் வீடுகளைத் திரும்பக் கட்டுவது. நான்கு வாரம் அதையே வரைந்தேன். ஆனால் நான் 2015 டிசம்பரை மறந்துவிட்டு வரைந்துகொண்டிருந்தேன். அன்றிரவு கூவம் எங்கள் வீட்டுக்குள் வந்தது. அம்மா என்னைத் தோளில் ஏற்றவில்லை, எனக்கு வயது பதினான்கு, இருவரும் ஆயாவைப் பிடித்துக்கொண்டு மார்பளவுத் தண்ணீரில் ரோட்டுக்கு நடந்தோம். அந்த இடம் ஆற்றுக்குத் தேவை. அதை மறைத்து வரைந்தால் நான் எங்கள் ஆட்களுக்கே பொய் சொல்கிறேன்.

அந்த டிசம்பரிலேயே, 2023இல், மிக்ஜாம் வந்தது. பெரும்பாக்கத்தைச் சுற்றித் தண்ணீர். வராமல் என்ன செய்யும், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் பக்கத்திலேயே இருக்கிறது. தெற்குச் சென்னையின் மழைத் தண்ணீர் எல்லாம் வந்து தேங்கி, மெதுவாகக் கடலுக்குப் போகிற இடம் அது. 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள், மிஞ்சியிருப்பதைத்தான். மற்றதன் மேல் நகரம் ஏறி உட்கார்ந்துவிட்டது. ஆற்றுக்கு இடம் விட வேண்டும் என்று சொல்லி எங்களை எடுத்துக் கொண்டுபோய் வைத்தது, வேறொரு தண்ணீரின் இடத்துப் பக்கத்தில். கரண்ட் இல்லை, மோட்டார் இல்லை. ஆறு மாடிக்கும் குடத்தில் தண்ணீர். ஒவ்வொரு திருப்பத்திலும் பெண்கள் நின்று கை மாற்றிக் கை மாற்றி ஏற்றினோம். நாலடி அகலத்தில் இரண்டு பேர் நின்று குடம் மாற்றும்போது மூன்றாவது ஆள் போக முடியாது. என் ஒன்பதடித் திருப்பத்தை நான் அதற்காக வரையவில்லை, ஆனால் அதற்கும் உதவியிருக்கும் என்று அந்த இருட்டில் நினைத்துக்கொண்டேன். ஜூரியில் இதைச் சொல்லியிருக்கலாமே என்றும்.

தண்ணீர் வடிந்தபின் தீசிஸை அடியிலிருந்து மாற்றினேன். கரையை ஆற்றுக்கே விட்டேன். 2015இல் தண்ணீர் எதுவரை வந்தது என்று பழைய ஆட்களைக் கேட்டுக் கோடு போட்டு, அந்தக் கோட்டுக்குள் ஒரு செங்கல்கூட வைக்கவில்லை. வீடுகளை ஒரே இடத்தில் குவிக்காமல், பழைய இடத்திலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டருக்குள் ஐந்து சின்ன மனைகளில் பிரித்தேன். பாழடைந்த ஒரு குடோன், யாரும் வண்டி நிறுத்தாத ஒரு பொது வாகன நிறுத்துமிடம், இடித்துக் கட்ட வேண்டிய நிலையில் இருக்கும் பழைய அடுக்குக் குடியிருப்பு, இப்படி. இது ஒன்றும் புதுமை இல்லை. 1971இல் இந்த மாநிலத்தில் குடிசைப் பகுதிச் சட்டம் வந்த காலத்தில் பெரும்பாலும் குடிசை இருந்த இடத்திலோ பக்கத்திலோதான் அடுக்குவீடுகள் கட்டினார்கள். நகருக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டுவது பிறகு வந்த பழக்கம். நான்கு மாடிக்கு மேல் இல்லை, லிஃப்ட்டை நம்ப வேண்டாம். தரைத்தளம் வயதானவர்கள் இருக்கும் வீடுகளுக்கு. ஜன்னல் அடிக்கட்டை ஒன்றேகால் அடி. ஆம்ஃபி தியேட்டர் இல்லை.

கரையைப் பச்சையாகத்தான் தீட்டினேன், வேறு என்ன நிறம் தீட்டுவது. ஆனால் கட்டட வரைபடத்தில், இப்போது இல்லாத, இடித்துவிட்ட சுவர்களைப் புள்ளிக்கோட்டால் காட்டும் வழக்கம் உண்டு. பச்சையின் மேல் எங்கள் வரிசையிலிருந்த வீடுகளை ஒவ்வொன்றாகப் புள்ளிக்கோட்டில் வரைந்தேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள். "இது தையக்காரம்மா வூடு. இதுக்கும் அதுக்கும் நடுவுல சந்து, ஒரு ஆள்தான் போலாம். நீ ரொம்ப பெரிசா போட்டுட்ட." அழித்துப் போட்டேன்.

தீசிஸ் ஜூரியில் ஒருவர் அந்தப் பகுதியின் நிலமதிப்பு எனக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் சார் என்றேன். இரண்டாவது ஷீட்டைக் காட்டினேன். அதில் ஒரே ஒரு கணக்கு இருந்தது. அம்மாவுக்குப் போகவர ஒரு நாளைக்கு 4 மணி நேரம், மாதம் 26 நாள், வருடத்துக்கு 1,248 மணி. எட்டு மணி நேர வேலைநாளாக்கினால் 156 நாள். ஒரு வருடத்தில் 156 வேலைநாளை என் அம்மா பஸ்ஸில் கொடுத்திருக்கிறாள், நிலமதிப்புக் கணக்கில் அதை எந்தப் பக்கம் எழுதுவது என்று கேட்டேன். குரல் நடுங்கிவிட்டது, அது எனக்கு இன்னும் வருத்தம். "இது பொருளாதாரம், கட்டடக்கலை இல்லை" என்றார் அவர். இன்னொருவர் புள்ளிக்கோடுகளைக் காட்டி இது என்ன, நடைபாதைக் கற்களா என்று கேட்டார். வீடுகள் என்றேன். அறுபத்தாறு மதிப்பெண் போட்டார்கள். என் பச்சைப் பூங்காவை விடப் பதினாறு குறைவு.

இப்போது ஓர் அலுவலகத்தில் ஜூனியராக இருக்கிறேன். பெரும்பாலும் மற்றவர்கள் வடிவமைத்த பங்களாக்களின் குளியலறை டைல்ஸ் வரைபடங்கள்தான் என் வேலை. தீசிஸ் மாடல் வீட்டில் பரணில் இருக்கிறது. ஐந்து மனைகளில் ஒன்று கழன்றுவிட்டது, ஃபெவிகால் போட்டு ஒட்ட வேண்டும்.

என் சம்பளம் வர ஆரம்பித்த நான்காவது மாதம், பழைய பக்கத்திலேயே ஒரு தரைத்தள அறையை வாடகைக்குப் பார்க்கலாம் என்று அம்மா சொன்னாள். ஆயாவால் இனி அந்தப் படியெல்லாம் முடியாது. சொந்த வீடு என்று கையில் கொடுத்ததை விட்டுவிட்டு வாடகைக்குப் போவதா என்று மாமா திட்டினார். போன ஞாயிற்றுக்கிழமை மூன்று அறைகள் பார்த்தோம். இரண்டில், பேரைக் கேட்டு, ஊரைக் கேட்டு, பிறகு நாங்கள் சைவமா என்று கேட்டார்கள். மூன்றாவது வீட்டுக்காரம்மா வெற்றிலை மென்றுகொண்டே, "இத்தினி நாளு எங்கம்மா இருந்தீங்க?" என்றார். நான் அம்மாவைப் பார்த்தேன்.

"சிந்தாதிரிப்பேட்டதான்மா," என்றாள் அம்மா. "ஆத்தோரம்."

அட்வான்ஸ் இருபதாயிரம் கேட்கிறார். ஜன்னல் மூன்றடியில்தான் இருக்கிறது, ஆனால் வாசலில் ஒரு திண்ணை உண்டு.